சாரம் போர்த்திய கூண்டு

மூச்சு வாங்குவது நானா அதுவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூண்டைத் தோட்டத்துக் கொட்டிலின் சிமெந்து நிலத்தில் வைத்துவிட்டு அதற்கு முன்னால் குந்தியிருக்கிறேன். மேலே அத்தான் இடுப்பில் உடுக்கிற நீலக்கட்டச் சாரம். இருட்டாக இருந்தால் அது பயப்படாது, எதையாவது போட்டு மூடுங்கள் என்று டெலிபோனில் அந்த மனிதர் சொன்னார், கையில் அகப்பட்டது சாரம். சாரத்தின் ஒரு பக்கம் மெல்ல உள்ளே போய் மெல்ல வெளியே வருகிறது. காற்றாகவும் இருக்கலாம், இந்தக் கொட்டில் கதவு எப்போதும் சரியாகப் பொருந்தாது. மணி பத்து ஐந்து. அக்காவும் அத்தானும் ஆஸ்பத்திரியில் ஸ்கானுக்குப் போயிருக்கிறார்கள், திரும்பப் பதினொன்றே கால் ஆகும். அதற்குள் செய்ய வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்ற சொல்லுக்கு மட்டும் மனசு கிட்டே போக மாட்டேன் என்கிறது, பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. அத்தானும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "அதைச் செய்துபோடு தம்பி, நாங்கள் வாறதுக்கு முதல்" என்றார், கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு. வலது பக்கம் பத்துக் கிலோ சிவப்பரிசி வந்த சாக்கு, இடது பக்கம் அத்தானின் கிரிக்கெட் ஸ்டம்ப். மரத்தில் செய்தது, ஒரு நுனி கூர், மறு நுனி மொத்தம், மழுங்கல். மொத்த நுனியால்தான். சாக்கில் இன்னும் அரிசி வாசம் இருக்கிறது. சாரத்தில் அத்தானின் சவர்க்கார வாசம். இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரியாத மூன்றாவது வாசம், ஈரமான இலையும் மூத்திரமும் கலந்தது போல, அதுதான் அதனுடையது. அதற்கும் என் வாசம் வரும். என்னைப் பற்றி என்ன நினைக்கும். ஒன்றும் நினைக்காது. நினைக்காது என்று எப்படித் தெரியும். மணி பத்து ஆறு.

இது தொடங்கியது ஒரு சத்தத்தில். தை மாதம் முழுக்க விடியற்புறத்தில், பிள்ளையின் அறைக்கு மேலே, யாரோ இருந்து கச்சான் கடலைக் கோது உடைப்பது போல. பிள்ளை இன்னும் வரவில்லை, அக்காவுக்கு ஏழு மாதம், ஆனால் அறை வந்துவிட்டது, மஞ்சள் பெயின்ற் அடித்து, தொட்டில் பூட்டி, சுவரில் ஒரு யானையும் ஒட்டி. அந்த அறைக்கு நேர் மேலேதான் லொஃப்ட், கூரைக்கும் கூரைத்தட்டுக்கும் நடுவில் உள்ள இருட்டு இடம், பழைய சூட்கேஸ்களும் குளிருக்கு விரித்த மஞ்சள் பஞ்சும். மாசியில் பிள்ளையின் அறை லைட் கண் சிமிட்டத் தொடங்கியது. மின்சாரக்காரர் ஏறி இறங்கி, உள்ளங்கையில் ஒரு துண்டு வயரை வைத்துக் காட்டினார். அணில் உறையெல்லாம் கொறித்துத் தின்று செம்பு மட்டும் பளபளவென்று கிடந்தது. பஞ்சில் ஒரு பொறி விழுந்திருந்தால் நீங்கள் நித்திரையிலேயே போயிருப்பீர்கள் என்றார். அக்கா வயிற்றில் கை வைத்தாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு அணிலுக்காக யார் பேசுவது. நான் எதற்காகவும் பேசுகிறவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயரைக் கூப்பிட்டால் 'இருக்கிறேன்' என்று நான் சொல்வது வாத்தியாருக்குக் கேட்காது, இரண்டு தவணை நான் வராதவன் ஆனேன். இங்கே படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது, பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். அத்தான் பகிடி பண்ணுவார். "இவன் கதைக்கிறதைக் கேக்க ரேடியோவுக்குக் கிட்டக் காது வைக்கிற மாதிரி வைக்கவேணும்." அந்த அத்தான்தான் கூண்டை வாங்கினார். கம்பிக்கூண்டு, மிதித்தால் கதவு விழும். "ஊரிலை பூனையைச் சாக்கிலை கட்டிக்கொண்டுபோய் வல்லை வெளியிலை விடுறேல்லையே? அதே வேலைதான். பிடிப்பம், காரிலை ஏத்துவம், எப்பிங் காட்டிலை விட்டிட்டு வருவம்" என்றார். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. உயிரைப் பிடித்தால் இன்னொரு இடத்தில் விடுவது. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கச்சான் பட்டர் பூசி நேற்று வைத்தோம், இன்று காலை ஆறு மணிக்குக் கதவு விழுந்த சத்தம் கேட்டது. அத்தான் கீழே தோட்டத்துக்கு வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் பூச்சட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஐலீனிடம் பெருமையாகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஐலீன், எழுபது வயது, எல்லாச் சட்டமும் தெரிந்தவர். அவர் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார், விடக்கூடாதே, தெரியாதா, சாம்பல் அணிலைப் பிடித்தால் திரும்ப வெளியில் விடுவது குற்றம், கொல்லத்தான் வேண்டும், நான் என்றால் பிடித்தே இருக்க மாட்டேன் என்று. அது இந்த நாட்டு அணில் இல்லையாம். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் கப்பலில் கொண்டுவந்து விட்டதாம், இங்கே இருந்த சிவப்பு அணிலை அது ஒழித்துவிட்டதாம். அத்தான் என் பக்கம் திரும்பித் தமிழில், "நூற்றைம்பது வருசமா? இன்னும் விசா குடுக்கேல்லையோ?" என்றார். நான் சிரித்தேன். இப்போது நினைக்க ஏன் சிரித்தேன் என்று இருக்கிறது.

பிறகு சிரிப்பு இல்லை. மிருக வைத்தியரிடம் திங்கட்கிழமைதான் இடம். பூச்சி, எலி பிடிக்கிற கொம்பனிக்காரர் செவ்வாய் வருவேன் என்றார், ஆனால் அதுவரைக்கும் கூண்டில் வைத்திருப்பது கொடுமை, வைத்திருக்காதீர்கள் என்றார். நல்ல மனிதர். சமையல் குறிப்பு சொல்வது போல நிதானமாகச் சொன்னார், அத்தான் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது, அது சித்திரவதை, வழக்கும் வரும். கூண்டு வாயில் சாக்கைப் பிடியுங்கள், இருட்டைக் கண்டதும் தானாகவே ஓடிவரும். சாக்கை மெல்லச் சுருட்டி ஒரு மூலைக்கு ஒதுக்குங்கள். தலை எது என்று தடவிப் பாருங்கள். பின்தலையில் ஒரே அடி. தயங்கி அடித்தால்தான் அதற்கு நோவு, தயங்காதீர்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார், குட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்தீர்கள்தானே, இது குட்டி போடுகிற காலம், இருந்தால் கதை வேறு, வந்த வழியைத் திறந்துவிட்டு வெளிச்சத்தைப் போட்டு இடைஞ்சல் கொடுத்தால் தாயே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடும், பிறகு அடைத்தால் போதும், கூண்டே தேவையில்லை என்று. "நோ, நோ, நத்திங்" என்றார் அத்தான், கெதியாக. நான் பக்கத்தில் நின்றேன். ஆறு மணிக்குக் கூண்டை எடுக்க லொஃப்டில் ஏறியவன் நான். பஞ்சுக்குள் எங்கேயோ ஒரு சின்னச் சத்தம், ஈரமான விரலால் கண்ணாடியைத் தேய்த்தது போல. தண்ணீர்க் குழாய் என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்க வைத்தேனா. அத்தான் சுத்தியலும் தகரமும் கொண்டு ஏறி, கூரை ஓரத்தில் அது வந்துபோன ஓட்டையை நாலு ஆணி அடித்து அடைத்தார். ஆணி அடிக்கிற சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. கீழே இறங்கி வந்து என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, கொக்கா இப்பிடி வயித்திலை பிள்ளையோடை இருக்கேக்க நான் ஒரு உயிரிலை கை வைக்கக் கூடாது. அம்மா நேற்றும் போனிலை சொன்னவ. பார், தலைமயிர்கூட வெட்டேல்லை, கரடி மாதிரித் திரியிறன். நீதான் செய்யவேணும்." எனக்குப் பெண்சாதி இல்லை, வயிற்றில் பிள்ளை இல்லை, அதனால் என் கையில் பாவம் ஒட்டாது என்பது போல. நான் பேசாமல் நின்றதை ஓம் என்று எடுத்துக்கொண்டார். என்னுடைய ஓம் எல்லாம் அப்படித்தான் போயிருக்கிறது. "முதுகிலை கோடு இல்லாதது அணிலே இல்லையடா. வால் வச்ச எலி எண்டு நினை." அக்காவுக்குச் சொல்லவில்லை. காரில் ஏறும்போது அவள் கண்ணாடியை இறக்கி, "தம்பி, கனதூரம் கொண்டுபோய் விடு என்ன, பாவம், திரும்பி வராத மாதிரி" என்றாள். திரும்பி வராத மாதிரி.

பத்துப் பதினைந்து. எழும்பிச் சாக்கை எடுக்கிறேன், திரும்ப வைக்கிறேன். அம்மப்பா கதை சொன்னால் எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுவார். ராசா வந்தானாம், புலி பாய்ந்ததாம், தலை உருண்டதாம். ஆம் போட்டால் எவ்வளவு இரத்தம் வந்தாலும் பாயில் சிந்தாது, நாங்கள் நித்திரை கொள்ளலாம். ஒரு ஊரிலே ஒருத்தன் இருந்தானாம். அவனுக்கு முன்னால் ஒரு கூண்டு இருந்ததாம். அவன் கையில் ஒரு சாக்கு இருந்ததாம். சாக்கு. அம்மப்பாவின் சைக்கிள் கரியரில் ஒரு சாக்கு இருந்தது. இதற்கு ஆம் வராது, நான் பார்த்தேன், முன் பாரில் நான்தான் இருந்தேன், ஆறு வயது. கரவெட்டியிலிருந்து வல்லை வெளிக்குப் போகிறோம், உப்புக் காற்று முகத்தில் அறைகிறது, சைக்கிள் பக்கவாட்டில் சரிகிறது. பின்னால் சாக்குக்குள் பூனை. அது மாமியின் கோழிக்குஞ்சுகளைப் பிடித்தது, அதனால் போகிறது. முதலில் கத்தியது, பிறகு கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயம். வல்லை வெளியில் இறங்கி, அது திசையை மறக்கவேண்டும் என்று அம்மப்பா சாக்கைத் தூக்கி மூன்று தரம் சுற்றினார், வாயைத் திறந்து கொட்டினார், பூனை கால் தடுமாறி எழும்பி எங்களைப் பார்த்தது. எனக்கு ஒன்று சொல்ல இருந்தது. வாயைத் திறந்தேன், காற்று வாய்க்குள் போனது. வேண்டாம், அதற்கு மேல் இப்போது வேண்டாம். மணி பத்து இருபத்திரண்டு. தயங்கினால்தான் நோவு. சாக்கின் வாயைக் கூண்டு வாயில் பிடிக்க வேண்டும், அதற்குச் சாரத்தை ஒரு பக்கம் தூக்க வேண்டும், தூக்குகிறேன்.

அது மூலையில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னங்காலில் எழும்பி நிற்கிறது, என் முகத்துக்கு நேரே, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்கிற ஆள் போல. மூக்கில் இரத்தம், கம்பியில் இடித்து உரசியது. கண் கறுப்பு முத்து, அதில் கொட்டில் கதவின் வெளிச்சம் சின்னதாக. முதுகில் கோடு இல்லை. முதுகை யார் பார்த்தார்கள். வயிறு எனக்கு முன்னால் இருக்கிறது, வெள்ளை மயிர், அதில் இரண்டு வரிசையாக மயிர் உதிர்ந்த சின்ன வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் சிவந்து தடித்த காம்பு. யாரோ குடித்திருக்கிறார்கள். நேற்று இரவு குடித்திருக்கிறார்கள். ஆறு மணியிலிருந்து குடிக்கவில்லை. நான் சாரத்தை விட்டுவிட்டேன், அது விழுந்து மூடியது. மூடினாலும் தெரிகிறது. விறகுக்குள் இருந்தன. வல்லையில் நான் சொல்லாமல் விட்டது அதுதான். முதல் நாள் பின்னேரம் விறகு அடுக்குக்குள் கையை விட்டபோது சூடாக, நனைந்த பஞ்சு மாதிரி நாலு உருண்டைகள், கண் திறக்காத குட்டிகள். யாருக்கும் சொல்லவில்லை, அது என்னுடைய இரகசியம் என்று வைத்திருந்தேன். அம்மப்பா பூனையைச் சாக்கில் கட்டும்போது சொல்லியிருக்கலாம். பாரில் ஏறும்போது சொல்லியிருக்கலாம். வெளியில் பூனை எங்களைப் பார்த்து நின்றபோதாவது. நான் சொல்லவில்லை, சைக்கிள் திரும்பியது. அன்று இரவு அவை கத்தின. அடுத்த நாளும் கத்தின, குறைவாக. அப்போதும் எனக்குப் பயம், ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பார்களே. மூன்றாம் நாள் அம்மப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் போனார். எத்தனையோ கதை சொன்ன மனிதர், அந்தக் கதையை ஒருநாளும் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் அதற்கு ஆம் இல்லாமலே போய்விட்டது, அப்படியே எனக்குள் கிடக்கிறது, ஈரம் காயாமல்.

"துவா, எல்லாம் சரியா?" வேலிக்கு மேலே ஐலீனின் தலை, என் பெயரில் அவர் வாய்க்குள் நுழைவது அவ்வளவுதான். கொடியில் துணி போட வந்திருக்கிறார், வாயில் ஒரு கிளிப். கொட்டில் கதவு திறந்தபடி, கூண்டு, சாக்கு, ஸ்டம்ப், நான். மாணவர் விசா ஞாபகம் வருகிறது, ஏன் வருகிறது, ஒரு அணிலுக்காக யாரும் விசாவைப் பறிக்க மாட்டார்கள், பறிப்பார்களா. வெளியில் விடுவதுதான் குற்றம். நான் வெளியில் விடப் போவதில்லை. எங்கே பிடித்ததோ அங்கேயே, வீட்டுக்குள்ளே. அதன் பிறகு அது எங்கே போகிறது என்பது அதன் பாடு. சட்டம் இதைக் கேட்டால் சிரிக்கும். "சரி" என்றேன், அவருக்குக் கேட்கவில்லை, "என்ன?" என்றார், நான் தலையை ஆட்டினேன். கூண்டைத் தூக்கினேன், ஸ்டம்பைக் கக்கத்தில் வைத்தேன். ஐலீன் கூண்டைப் பார்க்கிறார், நான் போகிற திசையைப் பார்க்கிறார். கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டார், பெரிய போர்வை, அவருக்கும் எங்கள் கூரைக்கும் நடுவில் அது விரிந்து தொங்கியது. வேண்டுமென்று போட்டாரா, சனிக்கிழமை என்பதால் போட்டாரா, யோசிக்க நேரமில்லை. படியேறும்போது கூண்டு ஒரு பக்கம் பாரமாகிறது, மறு பக்கம் பாரமாகிறது, உள்ளே ஓடுகிறது. பிள்ளையின் அறையைத் தாண்டுகிறேன். மஞ்சள் சுவர், யானை, தொட்டில். நில். இது திரும்பவும் வயரைக் கொறித்தால், அக்கா தொட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்போது பஞ்சில் ஒரு பொறி விழுந்தால், அப்போது என் இரக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன். கூண்டை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன், படிக்குக் கீழே இருக்கிற பெட்டியைத் திறந்து மெயின் சுவிச்சை இறக்கினேன். குளிர்ப்பெட்டியின் சத்தம் நின்றது. வீடு முழுக்க நின்றது. இப்போது எரிவதற்கு ஒன்றுமில்லை. இன்று ஒருநாள்.

லொஃப்டில் மணி பத்து நாற்பது. ஸ்டம்பின் கூர் நுனியைத் தகரத்துக்குக் கீழே விட்டு நெம்புகிறேன். அத்தான் நன்றாக அடித்திருக்கிறார், எதைச் செய்தாலும் நன்றாகச் செய்கிற மனிதர். ஒன்று, இரண்டு, மூன்றாவது ஆணி வளைந்து வந்தது, தகரம் ஒரு பக்கமாய்த் தொங்கியது, உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் உள்ளே விழுந்தது. அடிக்கத் தந்த தடி. வியர்வை கண்ணுக்குள் போகிறது. சாரத்தை இழுத்து, கூண்டுக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒடுங்கினேன். அது வரவில்லை. திறந்த கதவை நம்பவில்லை. நானும் நம்பமாட்டேன். விட்டால் கதவு விழும். வா அம்மா. யாரை அம்மா என்கிறேன். பிறகு ஒரு சாம்பல் கோடு. கண் பிடிப்பதற்கு முன் வெளிச்சத்துக்குள் போய் மறைந்தது. போய்விட்டது. தனியே போய்விட்டது. என் சூட்டுக்கும் வாசத்துக்கும் பயந்து குட்டிகளை விட்டுவிட்டுப் போய்விட்டது, நான் அதை விட்டதும் போச்சு, குட்டிகளும் போச்சு, நாலு நாளில் பிள்ளையின் அறைக்கு மேலே. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். பஞ்சுக்குள் அந்தச் சத்தம், ஈர விரல் கண்ணாடியில். இப்போது குழாய் என்று சொல், பார்க்கலாம். ஏழு நிமிடம். நான் மூச்சை எடுப்பதே பிழை என்று தோன்றி வாயைப் பொத்தினேன். வெளிச்சம் ஒருமுறை மறைந்தது. ஓட்டையில் தலை. என்னைப் பார்த்தது, நான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரியும், கட்டாயம் தெரியும், இருந்தும் இறங்கியது. பஞ்சைக் கிளறி, தலையை உள்ளே விட்டு, வாயில் ஒன்றைக் கவ்விக்கொண்டு எடுத்தது. குட்டி தாயின் கழுத்தைச் சுற்றிக் கையும் காலுமாய்ப் பற்றிக்கொண்டது, சால்வை போல. போனது. வந்தது. இரண்டாவது. ஒவ்வொரு தரமும் நடுவில் எங்கோ ஒரு மரத்துக்குப் போய்வருகிற நேரம், அந்த நேரம் முழுக்க எனக்கு உயிர் இல்லை. எத்தனை என்று தெரியாது. அதுதான். தகரத்தை எப்போது திரும்ப அடிப்பது, கடைசி எது என்று யார் சொல்வது. மூன்றாவது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு போய் எட்டு நிமிடம் ஆகிறது, வரவில்லை. மூன்றுதானா. சத்தம் இல்லை. சத்தம் இல்லை என்றால் முடிந்ததா, களைத்ததா. விறகுக்குள் இரண்டாம் நாளும் இப்படித்தான் குறைந்தது.

கீழே கார்க்கதவு. பிறகு வீட்டுக்கதவு, அக்காவின் மூச்சு, செருப்பைக் கழற்றுகிற சத்தம், சுவிச் டிக், டிக். "தம்பீ! லைட்டுக்கு என்ன நடந்தது? எங்கையடா நிக்கிறாய்? பிள்ளை நல்லா இருக்காம், காலை உதைச்சுக் காட்டினதடா!" சிரிப்பு. அதற்குப் பின்னால் அத்தானின் குரல், வேறு ஒரு குரல், எனக்கு மட்டும் விளங்க வேண்டிய குரல். "தம்பி, முடிஞ்சுதோ?" ஏணியில் கால் வைக்கிறார். ஏணி கிறீச்சிடுகிறது. பஞ்சுக்குள், சரியாக அந்த நேரத்தில், நூல் அறுவது போல ஒரு சத்தம். ஒன்று. இன்னும் ஒன்று. ஓட்டையின் விளிம்பில் சாம்பல் தலை வந்து நிற்கிறது, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, ஏணிச் சத்தத்தைக் கேட்டு உடம்பெல்லாம் நடுங்கியபடி. "என்னடா, செய்து முடிச்சியோ இல்லையோ?" இரண்டாவது படி. பேசாமல் இருந்தால் ஓம் என்று எடுத்துக்கொள்வார். வாயைத் திறந்தேன். வல்லைக் காற்று இல்லை இங்கே.

"ஏறாதேங்கோ!" என்று கத்தினேன். யாருடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை, கூரை ஓடுகள் அதிர்ந்தன. "இறங்குங்கோ அத்தான்! ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது! உள்ளுக்கை இன்னும் ஒண்டு இருக்கு!"

கீழே எல்லாம் அப்படியே நின்றது. தலை வெளியே போய்விட்டது. வெளிச்சம் வெறுமையாகக் கிடந்தது. நான் எண்ணவில்லை, மணி பார்க்கவில்லை. பிறகு அக்கா அத்தானிடம் மெல்ல, மிக மெல்ல, "நிமலன், இறங்குங்கோ" என்று சொல்வது கேட்டது. ஒரு படி கிறீச்சிட்டது, இரண்டாவது கிறீச்சிட்டது, அதற்குமேல் இல்லை. வெளிச்சத்தில் இரண்டு காது.